‘டொங்’ என்றால் ஜெர்மனிக்கு மணி எட்டு!

தொலைக்காட்சியில் ஒரு மனிதன் பார்க்கக்கூடிய மிகப் பரவசமான பதினைந்து நிமிஷம் எது? கடைசி ஓவரா, பெனால்டி ஷூட்அவுட்டா, சினிமா கிளைமாக்ஸா? சத்தியமாக எதுவும் இல்லை! ஜெர்மனியின் பொது ஒளிபரப்பான ஏ.ஆர்.டி., ஹாம்பர்க் நகரத்திலிருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்குத் தருகிற ‘டாகஸ்ஷாவ்’ செய்திதான் அது. செய்தி வாசிப்பதில் என்ன பரவசம் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரம் என்னோடு வாருங்கள், அப்புறம் உங்களையும் எட்டு மணிக்கு நாற்காலியிலிருந்து யாராலும் எழுப்ப முடியாது.

கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கில் நவம்பர் மாதத்து ராத்திரி. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. வெளியே கோட்டுக் காலருக்குள் புகுந்து கழுத்தை நனைக்கிற சாரல். வீட்டுக்குள் ஹீட்டர் கதகதப்பு, அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தின் மிளகு வாசனை. டிவியில் எட்டு மணிக்கு முந்திய குட்டிக் குட்டி நிகழ்ச்சிகள் ஓடுகின்றன: கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் வானிலை, நடுவே விளம்பரங்கள். கடைசி விளம்பரமும் முடிகிறது. இதோ வருகிறது, இதோ, இதோ... டொங்! ஒரே அடி. அந்த ரீங்காரம் காதில் இருக்கும்போதே ஒரு பெண்குரல் கம்பீரமாக நிகழ்ச்சியின் பெயரைச் சொல்கிறது, குரல் முடிகிற இடத்தில் அந்த இசைத்துணுக்கு எழும்புகிறது, நீல வெளிச்சம் அறை முழுக்கப் பரவுகிறது, கேமரா நகர்ந்து வந்து மேசைக்குப் பின்னால் நிற்கும் ஒருவரிடம் சேர்கிறது, அவர் கையில் தாள்களோடு நிமிர்ந்து நம்மைப் பார்த்து மாலை வணக்கம் சொல்கிறார். எனக்குச் சொல்கிறார்! பதில் வணக்கம் சொல்லாமல் இருக்க என்னால் முடிந்ததே இல்லை. டிவிக்கு வணக்கம் சொல்கிற ஆள்தான் நான், அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

எங்கள் வீட்டில் குக்கர் விசில் எட்டு மணிக்கு முன்னால் அடங்கியாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். நான் வேறு அறையில் ஏதாவது வேலையாக இருந்தால், “ஏங்க, அடிக்கப் போறாங்க, ஓடி வாங்க!” என்று மனைவியின் குரல் வரும். ஓடித்தான் வருவேன். வேலை முடிந்து திரும்பும் நாளில் ரயில் ஒரு நிலையத்தில் சும்மா நின்றுவிட்டால் என் கண் கடிகாரத்தை விட்டு அகலாது. அதே செய்தியை எந்த நேரத்திலும் கைப்பேசியில் பார்க்கலாமே என்பார்கள் நண்பர்கள். பார்க்கலாம். ஆனால் கோயிலில் தீபாராதனையை அப்புறமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று யாராவது சொல்வார்களா? அந்த மணி அடிக்கும்போது அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான்!

அந்த இசையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆறே ஆறு சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மனியில் எந்தக் குழந்தையிடமும் அதை முணுமுணுத்துப் பாருங்கள், உடனே ‘டாகஸ்ஷாவ்!’ என்று கத்தும். ஹான்ஸ் கார்ஸ்டே என்ற இசையமைப்பாளரின் ‘ஹாமண்ட் ஃபாண்டசி’ என்ற படைப்பிலிருந்து எடுத்த துண்டு அது. 1950-களிலிருந்து எத்தனையோ முறை வாத்தியம் மாறியிருக்கிறது, வேகம் மாறியிருக்கிறது, ஆனால் எலும்பு அதேதான். பெயரைச் சொல்கிற அந்தப் பெண்குரல் யாருடையது தெரியுமா? க்ளௌடியா உர்ப்ஷாட் மிங்கஸ். ஜெர்மன் மொழியில் ஏஞ்சலினா ஜோலி பேசினால் இவர் குரலில்தான் பேசுவார்! இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு நான் அலுவலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஆனாலும் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? சொல்கிறேன், கேளுங்கள். ஆறு ஜன்னல்களில் ஆறு தலைகள் கத்துவது இல்லை. திரை முழுக்கச் சிவப்புப் பட்டை ஓடி ‘சற்றுமுன், சற்றுமுன்’ என்று நெஞ்சைப் பதைக்கவைப்பது இல்லை. வாசிப்பவர் தன் கருத்தைச் சொல்வது இல்லை, புருவம்கூட உயர்த்துவது இல்லை. 2014-இல் திறந்த ஸ்டூடியோவில் ஏறக்குறைய 18 மீட்டர் அகலத்துக்கு வளைந்து நிற்கும் பிரம்மாண்டமான திரை பின்னால் இருக்கிறது, அதில் ஒரே ஒரு படம், அதன் முன்னால் ஒரே ஒரு மனிதர். நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு, பிரஸ்ஸல்ஸில் ஒரு பேச்சுவார்த்தை, எங்கேயோ ஒரு போர், ஒரு வெள்ளம், ஒரு தொழிற்சங்க வேலைநிறுத்தம், ஒரு எழுத்தாளரின் மறைவு, அப்புறம் விளையாட்டு, சனிக்கிழமையானால் லாட்டரி எண்கள், கடைசியில் நாளைக்கு மழையா வெயிலா. பதினைந்து நிமிஷம். முடிந்தது! உலகம் தன் சுமையையெல்லாம் நம் தலையில் கொட்டிவிட்டுப் போகாமல், அடுக்கி, மடித்து, இதோ இன்றைக்கு இவ்வளவுதான் என்று கையில் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்த நிதானம் இருக்கிறதே, அதுதான் எனக்குச் சிலிர்ப்பு. உரக்கச் சொன்னால்தான் உறைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த என் காதுக்கு, தாழ்ந்த குரலில் சொன்ன செய்திதான் தூக்கத்திலும் நினைவிருக்கிறது என்று காட்டியது இந்த நிகழ்ச்சி.

அந்தப் பதினைந்து நிமிஷத்தின் அதிகாரத்தைப் பாருங்கள்! ஜெர்மனியில் ராத்திரி சினிமா எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்? எட்டே காலுக்கு. ஏ.ஆர்.டி.யில் மட்டுமா, இல்லை, போட்டி சேனல்களிலும் எட்டே காலுக்குத்தான். ஏன்? டாகஸ்ஷாவ் முடிய வேண்டும், அதனால்! 1990-களில் ஸாட் 1 என்ற தனியார் சேனல் ‘நாங்கள் எட்டு மணிக்கே படம் போடுகிறோம்’ என்று துணிந்து பார்த்தது, கொஞ்ச நாளில் பேசாமல் எட்டே காலுக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒரு செய்தி நிகழ்ச்சிக்காக ஒரு நாட்டின் மாலை நேரமே கால் மணி நேரம் காத்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, 1970-இலிருந்து ஜெர்மானியர் உயிராய்ப் பார்க்கும் ‘டாட்ஓர்ட்’ துப்பறியும் தொடர்கூட, கொலையாளியைக் கூட்டிக்கொண்டு எட்டே கால்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். எட்டிலிருந்து எட்டே கால்வரை பெரியவர்கள் யாருக்கும் போன் பண்ணக் கூடாது என்று இந்த ஊருக்கு வந்த புதிதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏ.ஆர்.டி.யின் முதன்மை சேனலில் மட்டும் இல்லை, அதே நொடியில் மாநில சேனல்களிலும் இதே நிகழ்ச்சி போகிறது. எல்லாம் சேர்த்து 2020-இல் ஒரு ராத்திரிக்குச் சராசரியாக ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் பார்த்தார்கள். ஒரு கோடிப் பேர், ஒரே டொங்!

இப்போது என் நாயகர்களிடம் வருகிறேன், மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் டாகஸ்ஷாவ் ஒளிபரப்பானது 1952 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள்! அப்போது தினமும்கூடக் கிடையாது, வாரத்துக்கு மூன்று நாள்தான், அதுவும் தியேட்டர்களுக்குப் போகும் செய்திப்படச் சுருள்களிலிருந்து வெட்டி ஒட்டியது. 1959-இல்தான் மேசைக்குப் பின்னால் ஒரு முகம் வந்து உட்கார்ந்தது. கார்ல்-ஹைன்ஸ் கோப்கே! ‘மிஸ்டர் டாகஸ்ஷாவ்’ என்றே ஊர் அவரைக் கூப்பிட்டது. 1970-களில் ஒருமுறை விடுமுறைக்குப் போனவர் மீசையோடு திரும்பி வந்து செய்தி வாசித்தார், அவ்வளவுதான், நாடே பதறியது, கடிதங்கள் குவிந்தன, மீசை போயிற்று! ஒரு மனிதரின் மேலுதட்டைக்கூடத் தன் வீட்டுச் சொத்தாக நினைக்கும் அளவுக்கு ஜனங்கள் அவரை நம்பியிருக்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட உறவு அது! அப்புறம் 1976 ஜூன் 16. டாக்மார் பெர்க்ஹோஃப், அந்த மேசைக்கு வந்த முதல் பெண். 1988-இல் போரிஸ் பெக்கர் ஜெயித்த டென்னிஸ் போட்டியின் பெயரை வாசிக்கும்போது ‘டபிள்யூ.சி.டி.’ என்பதில் கடைசி எழுத்து விழுந்துபோய்க் கழிப்பறைப் போட்டி ஆகிவிட, அடுத்துவந்த லாட்டரி எண்களை அடக்க முடியாத சிரிப்போடு அவர் வாசித்து முடித்தாரே, அந்தப் பதிவைப் போட்டுப் பாருங்கள். என் மனசு சரியில்லாத நாளுக்கெல்லாம் அதுதான் மருந்து. கண்ணில் நீர் முட்டச் சிரிப்பேன், திரும்பப் போடுவேன், மறுபடி சிரிப்பேன்.

யான் ஹோஃபர் விடைபெற்ற ராத்திரியை எப்படிச் சொல்வேன்! 2020 டிசம்பர் 14. கொரோனா காலம், கடைகள் அடைக்கப்படப் போகின்றன, ஊர் முழுக்க ஒரு கனம். அந்த வருஷம் முழுக்க எங்களுக்கு வெளியுலகம் என்று இருந்ததே இந்த எட்டு மணிதான். தலைமை வாசிப்பாளராக இருந்தவர், முப்பத்தைந்து வருஷம் அந்த வீட்டுக்கு உழைத்தவர், அன்றைக்கும் எந்த நாளும்போலச் செய்தியை வாசித்தார், ஒரு எழுத்து பிசகவில்லை. வாசித்து முடித்துவிட்டு, ஒளி மங்குகிற நேரத்தில், கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய், தன் டையைக் கழற்றினார். அவ்வளவுதான்! ஒரு நீளமான உரை இல்லை, ஒரு விம்மல் இல்லை. நான் சோபாவிலிருந்து எழுந்து நின்று கைதட்டினேன், மனைவியும் எழுந்து தட்டினாள், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டிலும் யாரோ தட்டியதுபோல இருந்தது. அவருக்குப் பின் தலைமை வாசிப்பாளராக யென்ஸ் ரீவா வந்தார். கிரேக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்த பெற்றோரின் மகள் லிண்டா ஸெர்வாகிஸ் 2013-இல் எட்டு மணிச் செய்தியை வாசிக்க வந்தார், குடியேறிய குடும்பத்திலிருந்து அந்த மேசைக்கு வந்த முதல் ஆள். இந்தியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த யூலியா நிஹாரிகா சென் அதே மேசையில் நின்று வாசிக்கும் ராத்திரிகளில் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். நிஹாரிகா! அந்தப் பெயர் ஒரு கோடிப் பேர் பார்க்கும் திரையில் எழுத்தாக வந்து நிற்பதைப் பார்க்கும்போது, இந்த ஊரில் பிறந்து வளர்கிற நம் பிள்ளைகள் முகத்தை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வெளிநாட்டுப் பெயர்களை அவர்கள் உச்சரிக்கிற அக்கறையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏ.ஆர்.டி. வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் பொதுவாக உச்சரிப்புக்கென்றே ஒரு பெரிய தரவுத்தளம் வைத்திருக்கிறார்கள். எந்த நாட்டுப் பெயரானாலும் தேடிப் பார்த்து, காதால் கேட்டு, அப்புறம்தான் வாசிக்க வருவார்கள். கொழும்பில் 2022 ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த நாட்களில், கோட்டாபய ராஜபக்ஷ என்ற பெயரை ஹாம்பர்க் வாயிலிருந்து முழுசாகக் கேட்டபோது அந்த மெனக்கெடலுக்கு மனசார ஒரு கும்பிடு போட்டேன்.

இனிமேல்தான் புதையல்! இந்த நிகழ்ச்சிக்கு ‘இருபது வருஷத்துக்கு முன்பு டாகஸ்ஷாவ்’ என்று ஒரு ஜன்னல் உண்டு, இதே தேதியில் இருபது வருஷத்துக்கு முன்னால் போன செய்தியை அப்படியே முழுசாகத் திரும்பப் போடுவார்கள். நான் அதற்கு அடிமை. இன்றைய செய்தியைப் பார்த்துவிட்டு அன்றைய செய்தியைப் பார்ப்பேன், கணினிகள் தடியாக, அரசியல்வாதிகள் இளமையாக, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத முகங்களாக! ஒரு டிசம்பர் 26, டாகஸ்ஷாவின் பிறந்தநாள் ஆயிற்றே என்று குஷியாகத்தான் உட்கார்ந்தேன். 2024-இலிருந்து இருபதைக் கழித்தால் என்ன வரும் என்று மனசு கணக்குப் போடவில்லை. டொங். 2004. ஆழிப்பேரலை. அன்றைக்கு அந்தக் குரலுக்கும் எத்தனை பேர் போனார்கள் என்று முழுசாகத் தெரியாது, தெரிந்ததை மட்டும் சொன்னது, தெரியாததைக் கூட்டிச் சொல்லவில்லை, அலறவில்லை, சோக இசை போடவில்லை. நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் முல்லைத்தீவும் என் நெஞ்சுக்குள் தானாக ஓடின. ஒரு பேரிடரைச் சொல்லும்போது செய்தி நம் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நம் தலைமுடியைப் பிடித்து உலுக்கக் கூடாது. இருபது வருஷம் தள்ளிக் கேட்டாலும் அந்தப் பிடியின் உறுதி குறையவே இல்லை.

அப்புறம் 1989 நவம்பர் 9! ஐயோ, இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டிருந்தேன். முதலில் கிழக்கு ஜெர்மனியைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். அங்கே அரசாங்கத்துக்கு ‘அக்டுவெல்லே கமேரா’ என்று தனிச் செய்தி, ஏழரை மணிக்கு. ஜனங்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டு மேற்கு ஆன்டெனாவில் டாகஸ்ஷாவைப் பார்ப்பார்கள். வீட்டில் பார்ப்பது எந்தச் செய்தி என்று கண்டுபிடிக்க, ‘டிவி கடிகாரத்தில் இருப்பது புள்ளியா கோடா?’ என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்பார்களாம்! டிரெஸ்டன் பக்கம் மேற்கத்திய அலைவரிசை எட்டாது, அதனால் அந்தப் பகுதிக்கே ‘விவரம் தெரியாதவர்களின் பள்ளத்தாக்கு’ என்று பட்டப்பெயர். இப்போது அந்த ராத்திரி. மாலை ஏழு மணி வாக்கில் கிழக்கு பெர்லினில் ஒரு பத்திரிகையாளர் கூட்டம், முடியப்போகிற நேரத்தில் ஆளும் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி ஒரு காகிதத்தைப் பார்த்து, குடிமக்கள் இனி வெளியே பயணம் போகலாம் என்கிறார், எப்போதிலிருந்து என்று கேட்டால் தடுமாறி ‘உடனே’ என்கிறார். என்ன சொன்னார், என்ன அர்த்தம், யாருக்கும் நிச்சயமில்லை, ஹாம்பர்க்கில் கடிகாரம் ஓடுகிறது, எட்டு மணிக்கு என்ன சொல்வது? டொங்! வாசிப்பாளர் யோ பிரௌனர் நிமிர்கிறார், முதல் செய்தியே அதுதான், கிழக்கு ஜெர்மனி எல்லையைத் திறக்கிறது என்று திரையில் எழுத்து நிற்கிறது, அவர் குரலில் ஒரு நடுக்கம் இல்லை, பதினைந்து நிமிஷச் செய்தியில் எந்த நாளும் வாசிக்கிற அதே அளவான குரல், ஆனால் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் யார், பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள், இருபத்தெட்டு வருஷமாகச் சுவரைப் பார்த்தே வாழ்ந்தவர்கள், அவர்களில் பலர் சட்டையை மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டு, போய்த்தான் பார்ப்போமே என்று தெருவில் இறங்குகிறார்கள், போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச் சாவடியில் கூட்டம் சேர்கிறது, சேர்கிறது, சேர்ந்துகொண்டே இருக்கிறது, நள்ளிரவுக்கு முன் அங்கிருந்த காவலர்கள் தடுப்பை உயர்த்திவிடுகிறார்கள்! அந்தப் பதிவை நான் எப்போது போட்டாலும் கையில் ரோமம் சிலிர்க்கிறது. சுவரை இடித்தது ஜனங்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று ஜனங்களிடம் நிதானமாகச் சொன்ன குரல்களில் ஒன்று இந்தக் குரல்! அந்தக் கோடையில்தான் கிழக்கிலிருந்து தப்பி மேற்கே வந்தார் ஒரு இளம்பெண், பத்து வருஷத்தில் அவரே டாகஸ்ஷாவ் வாசிக்க வந்தார், சுசானே டௌப்னர். இதைவிட ஒரு சினிமா வேண்டுமா உங்களுக்கு?

குறையே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. விறைப்பாக இருக்கிறது என்பார்கள், மாதம் வீட்டுக்கு 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் வாங்குகிறார்களே என்பார்கள். இருக்கட்டும், எனக்கு அந்த விறைப்புதான் பிடித்திருக்கிறது, காசும் சந்தோஷமாகவே போகிறது. 2019-இலேயே டிக்டாக்குக்கும் போய்விட்டார்கள், 2024 ஜூனிலிருந்து எளிய ஜெர்மனில் தனியாக ஒரு செய்தியும் தருகிறார்கள், மொழி கற்றுக்கொள்ளும் நம் ஆட்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆகவே நண்பர்களே, இன்றைக்கே பாருங்கள்! இணையத்தில் நேரலை உண்டு, கோடையில் இந்திய நேரம் ராத்திரி பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. மொழி புரியாவிட்டால் பரவாயில்லை, படங்கள் புரியும், வரைபடம் புரியும், கத்தாமலும் ஒரு நாட்டை உட்காரவைக்க முடியும் என்பது கட்டாயம் புரியும். அதைப் பார்த்த பிறகு நம் வீட்டு ரிமோட்டையும் நாம் கொஞ்சம் அதிகாரமாகப் பிடிக்க ஆரம்பிப்போம், எங்களுக்கும் இப்படி ஒரு பதினைந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பிப்போம். கேட்டால்தானே கிடைக்கும்! கேளுங்கள், உரக்கவே கேளுங்கள்!